பொறுப்புத் தலைமையாசிரியை

தலைமையாசிரியர் பதவிக்கான நேர்காணல் முடிந்து அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, அடுத்து உள்ளே போக வேண்டிய ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவள் புருஷன்.

காலையில் அந்தச் சாம்பல் நிறச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததே அவள்தான். பல் டாக்டரிடம் போக வேண்டும், அதனால் லீவு என்று சொல்லியிருந்தார். பல்லைக் காட்டப் போகிறவருக்கு இவ்வளவு நல்ல சட்டை எதற்கு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நினைப்பெல்லாம் உள்ளே என்ன கேட்பார்கள் என்பதிலேயே இருந்தது.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "வீட்ல பேசிக்கலாம்" என்றார்.

உள்ளேயிருந்து, "கணக்கு சார், வாங்க வாங்க" என்று சிரிப்போடு குரல் வந்தது. அவளைக் கூப்பிட்டபோது வெறும் 'நெக்ஸ்ட்'தான் வந்திருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை செய்தார்கள். அவள் அறிவியல் டீச்சர். அவர் கணக்கு சார். வேலையில் சேர்ந்தது அவள்தான் முன்னால். பழைய தலைமையாசிரியர் பக்கவாதத்தில் படுத்ததும், அவர் எழுந்து வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி நிர்வாகக் குழு சாவிக்கொத்தை அவளிடம் கொடுத்தது. அவர் எழுந்து வரவில்லை. பதவிக்கு முன்னால் 'பொறுப்பு' என்ற சொல்லை ஒட்டவைத்துக்கொண்டு அவள் இரண்டு வருஷம் பள்ளியை நடத்தினாள். பிள்ளைகள் அவளைப் பெரிய டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

அதுவரை பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் முதுகைக் காட்டி நின்று மறைக்க வேண்டும். பெரிய டீச்சர் பொறுப்புக்கு வந்த மாதமே கதவு வந்தது. மணி அடித்த பிறகும் ஓய்வறையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர்களை அவள் வகுப்புக்கு விரட்டினாள். பழையவர் அதையே செய்தபோது அதற்குப் பெயர் கண்டிப்பு. இவள் செய்தபோது 'வாய்' என்றார்கள். வீட்டில் புருஷனை ஓட்டுகிற மாதிரி இங்கேயும் ஓட்டுகிறாள் என்று பி.டி. மாஸ்டர் சொன்னதாகவும், கணக்கு சாரும் கூடச் சேர்ந்து சிரித்ததாகவும் ஓவிய டீச்சர் வந்து சொன்னாள். சிரிக்காமல் என்ன செய்வார் பாவம் என்று அவள் அதை அப்போதே விட்டுவிட்டாள்.

நேர்காணலில் அவளிடம் பாடத்திட்டம் பற்றி யாரும் கேட்கவில்லை. நிர்வாகக் குழுத் தலைவர் ஒரு மரக்கடை முதலாளி. நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். அவர்தான் பேசினார்.

"வீட்ல சமையல் யாரும்மா?"

"நான்தான் சார்."

"மகள் பத்தாவது இல்ல? இந்த வருஷம் அவளப் பார்க்க வேணாமா?"

"பார்த்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

"சரி. பெரிய பசங்க அடிச்சுக்கிட்டாங்கன்னா, குறுக்க போய் நிப்பீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு ஆம்பளக் குரல் இருந்தா பசங்க அடங்குவாங்கல்ல?"

"நான் நின்னிருக்கேன் சார். ரெண்டு வருஷமா யாரும் அடிச்சுக்கல."

"அது சரி. உங்க வீட்டுக்காரர் பின்னாடி இருந்தாருல்ல" என்றார் தலைவர். மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். குழுவில் ஒரே பெண்ணான டாக்டரம்மா மட்டும் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

"அவங்களா கூப்பிட்டாங்க" என்றார் அவர். "நான் மனு போடலன்னா வெளியில இருந்து யாரையாவது கொண்டுவந்து உட்கார வெச்சுடுவாங்களாம். எப்படியும் உனக்குத் தர மாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அட, வீட்டுக்குள்ளயாவது இருக்கட்டுமேன்னுதான்..."

"எந்த வீட்டுக்குள்ள?"

"நம்ம வீட்டுக்குள்ளதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? பல் டாக்டர்னு சொல்லிட்டு, நான் தேய்ச்ச சட்டையையே போட்டுக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க!"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்ட."

"ஆமா, விட்டிருக்க மாட்டேன்."

மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குச் சண்டை போடச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருகிறவர். யார் என்ன கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். அந்தக் குணத்துக்காகத்தான் அவரை அவளுக்குப் பிடித்தது. இன்று அவர் மாட்டேன் என்று சொல்லாதது அவளுக்கு எதிராகப் போய்விட்டது.

அடுத்த வாரம் முடிவு வந்தது. சாவிக்கொத்தை அவள் அவர் கையில் கொடுக்க, புகைப்படம் எடுத்தார்கள். "யார் கையில இருந்தா என்ன, ஒரே வீடுதானே" என்று தலைவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஓவிய டீச்சர் காதோடு, "உனக்கும் பெருமைதானேடி. எங்களுக்கும் ஒரு ஆம்பள இருந்தா தைரியம்" என்றாள். லீவு, சம்பளம் என்று அவளிடம் அழுதுகொண்டு வந்து நின்று, ஒவ்வொரு முறையும் காரியத்தை முடித்துக்கொண்டு போனவள் சொன்ன வார்த்தை அது.

கணக்கு சாருக்குக் கணக்கு நன்றாக வரும். பள்ளிக்கூடம் வரவில்லை. இரண்டு பேர் ஒரே நாளில் லீவு எடுத்தால் எந்த வகுப்பை எதோடு சேர்ப்பது, கத்திக்கொண்டு வருகிற அப்பனை முதலில் உட்காரவைப்பதா தண்ணீர் கொடுப்பதா, ஒன்றும் பிடிபடவில்லை. முதல் சில நாள் அவள் வைராக்கியமாக இருந்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க ஆசிரியர் இல்லாமல் வராந்தாவில் புரண்டுகொண்டிருந்ததைப் பார்த்தபோது வைராக்கியம் உடைந்தது. அவளே போய் டைம்டேபிள் போட்டுக் கொடுத்தாள். அதன்பிறகு, "இங்க கொஞ்சம் வாயேன்" என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை கூப்பிட ஆரம்பித்தார். அவருடைய அறையிலேயே ஓரமாக ஒரு சின்ன மேசை போட்டார்கள். வருகிறவர்கள் அவளைக் கிளார்க் என்று நினைத்து, "சார் ஃப்ரீயா இருக்காரான்னு கேளும்மா" என்றார்கள்.

"சார் வந்ததும் ஸ்கூல் நிமிர்ந்துடுச்சு" என்று தலைவர் எல்லோரிடமும் சொன்னார்.

அவள் அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத விஷயம் ஒன்று பெரிய பசங்களுக்கு நடுவில் வளர்ந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பில் மகளோடு படிக்கிற ஒருவன், வாய் திறந்து பேசாத பையன். ஒல்லியாக இருப்பதால் அவனைக் குச்சி என்பார்கள். அவனைக் கழிப்பறையில் தள்ளி, அவன் அழுவதைப் போனில் படம் எடுத்து, நாலைந்து பேர் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். குச்சியின் அண்ணன் அதே பள்ளியில் மேல் வகுப்பில் படித்தான். அவன் தன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான் என்று மகள் வந்து சொன்னாள். அவளும் கண்ணால் பார்த்தாள். இடைவேளையில் இரண்டு கூட்டம் மைதானத்தின் இரண்டு மூலையில் நிற்பதும், யாரும் விளையாடாமல் இருப்பதும் நல்லதற்கு இல்லை.

"ரெண்டு பக்கத்துப் பெத்தவங்களையும் இன்னிக்கே கூப்பிடுங்க" என்றாள் கணவரிடம்.

அவர் பி.டி. மாஸ்டரைக் கேட்டார். "வயசுப் பசங்க சார், ரெண்டு நாள்ல தானா ஆறிடும். பொம்பளைங்களுக்கு எல்லாமே பெருசாத் தெரியும்" என்றார் அவர். தலைவரைக் கேட்டார். படம் எடுத்தவர்களில் ஒருவன் தலைவருடைய தங்கை மகன். "சின்ன விஷயத்த வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோக வேணாம் சார்" என்றார் அவர்.

"பார்த்தியா, எல்லாரும் அதான் சொல்றாங்க" என்று கணவர் வந்து நின்றார்.

"எல்லாரும்னா யாரு? ரெண்டு பேருதானே?"

"நீ எதையும் பெருசாக்குவ."

அவள் கத்தினாள். பிறகு கெஞ்சினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் காலைத் தொட்டுக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அந்த நாளை வரவில்லை.

அவளே தலைவரின் மரக்கடைக்குப் போனாள். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் ரம்பத்தை நிறுத்தச் சொல்லவில்லை. "ஹெச்.எம். சார் பார்த்துக்குவாரும்மா. நீங்க உங்க கிளாஸப் பாருங்க" என்றார். தலையிலும் தோளிலும் மரத்தூளோடு தெருவில் நடந்து வந்தாள். குச்சியின் வீட்டுக்காவது போகலாம் என்று திரும்பினாள். தலைமையாசிரியரை மீறி மனைவியே போனாள் என்று அவரையே கேள்வி கேட்பார்களே, வீட்டுக்குள் அவர் முகம் எப்படி ஆகும் என்ற நினைப்பு காலைக் கட்டியது. பாதி வழியில் திரும்பிவிட்டாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் சைக்கிள் கொட்டகைப் பக்கம் சத்தம் கேட்டது. அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கூட வைக்காமல் ஓடினாள். தலைமையாசிரியர் அறையைத் தாண்டும்போது உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. காதில் போன்.

"வெளிய வாங்க!" என்று கத்தினாள்.

"போலீசுக்கு... தலைவருக்கு..." என்று அவர் உதடு அசைந்தது.

கொட்டகையில் உடைந்த பெஞ்சுக் கால்கள் பறந்தன. ஒருவன் கையில் இரும்புக் கம்பி. பி.டி. மாஸ்டர் வெகுதூரத்தில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஊதினாரே தவிர ஓர் அடி முன்னால் வரவில்லை. நடுவில் தரையில் கிடந்தது குச்சி. அண்ணனை இழுத்துக்கொண்டு போக வந்தவன் முகத்தில்தான் முதல் அடி விழுந்திருந்தது.

"டேய்!" என்றாள். அவள் குரலுக்குப் பாதிப் பேர் நின்றார்கள், பழக்கம். மீதிப் பேருக்குக் கேட்கவில்லை. அவள் குச்சியின் மேல் குனிந்து அவனை மூடிக்கொண்டாள். ஓங்கிய கம்பி ஓங்கிய வேகத்திலேயே அவள் வலது கையில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அடித்தவன்தான் முதலில் அலறினான். "டீச்சர்! ஐயோ, பெரிய டீச்சர்!" அவன் கம்பியைப் போட்டதும் எல்லோரும் எல்லாவற்றையும் கீழே போட்டார்கள்.

அவளுக்குக் கை முறிந்தது. குச்சிக்கு இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குத் தலைவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலில் இருந்தவளை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற கணவரிடம் பேசினார். "இதுக்குத்தான் சார் அன்னிக்கே சொன்னேன். பொம்பளைங்க இதுல எல்லாம் இறங்கக் கூடாதுன்னு. ஆம்பளைன்னா பதறாம முதல்ல போன் பண்ணுவான். நீங்க பண்ணீங்க." கணவர் தரையைப் பார்த்தார். "விசாரணைக்கு ஆள் வருவாங்க. சட்டுனு நடந்துடுச்சு, யாருக்கும் முன்னாடி தெரியாதுன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடுங்க. டீச்சர்கிட்டயும் சொல்லிடுங்க." அவள் அங்கேயேதான் படுத்திருந்தாள்.

தலைவர் போன பிறகு குச்சியின் அம்மா வந்தாள். தையல் கடையில் வேலை செய்கிறவள். விரலில் ஊசி குத்திய தழும்புகள். கட்டுப் போட்ட கையை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். நன்றி சொன்னாள். பிறகு கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே டீச்சர்? உங்க பொண்ணு எம்பிள்ளைகிட்ட சொல்லியிருக்கா."

"தெரியும்."

"ஹெச்.எம். உங்க வீட்டுக்காரர்தானே? வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவளால் என்ன சொல்ல முடியும்? சொன்னேன், கேட்கவில்லை என்று சொன்னால் புருஷனைக் காட்டிக்கொடுத்த மாதிரி. சொல்லவில்லை என்றால் பொய். உங்கள் வீட்டுக்கு வர இருந்தேன், பாதியில் திரும்பிவிட்டேன் என்பதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அந்தத் தாய் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போனாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று கணவரிடம், "நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"என் வேலை போயிடும்."

"அந்தப் பையனுக்குக் கண் போயிடுச்சு."

மகள்தான் கேட்டாள், சாதாரணமாக, சாதம் போடட்டுமா என்று கேட்கிற குரலில். "அப்பா, நீங்க கதவ ஏன் தாழ் போட்டீங்க?"

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நேராகக் குழுவின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். என் மனைவி எச்சரித்தாள், நான் கேட்கவில்லை, பயந்து கதவைச் சாத்திக்கொண்டேன், இந்த இடம் அவளுடையது, அவளுக்கே கொடுங்கள் என்று. அவர் வாழ்க்கையில் அவ்வளவு பேசியது அன்றுதான். திரும்பி வந்து, நடந்ததை அவளிடம் சொன்னார். அவளுக்குள் ஏதோ ஒன்று பல மாதங்களுக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தது. நம்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நம்பினாள்.

குழு மூன்று முறை கூடியது. முடிவை டாக்டரம்மாதான் வீட்டுக்கு வந்து சொன்னார். "நான் உங்க பேரச் சொன்னேன்மா. நிஜமா சொன்னேன்." தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "தலைவர் ஒத்துக்கல. உணர்ச்சிவசப்பட்டு உள்ள பாஞ்சுட்டாங்க, தலைமைக்கு அது லட்சணமான்னு கேட்டார். இந்த நேரத்துல உறுதியான ஆள் வேணும்னு, பி.டி. மாஸ்டரப் போட்டுட்டாங்க."

"அவரு தூரத்துல நின்னு விசில் ஊதிக்கிட்டிருந்தாரு டாக்டர்."

"நிதானமா இருந்தாருன்னு சொல்றாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. மகள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அது அழுகை என்று தெரிந்தது. கணவர் சமையலறை வாசலில் நின்றார். "மன்னிச்சுடு" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

கட்டுப் பிரித்த பிறகு அவள் வேலைக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். வீட்டு வாடகை, மகளின் படிப்பு, இதையெல்லாம் தாண்டி, போகாமல் இருந்தால் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கணவர் பழையபடி கணக்கு சொல்லிக் கொடுத்தார். இருவரும் ஒன்றாகவே நடந்து போனார்கள், பேசாமல். விரல்கள் முழுசாக மடங்காததால் அவள் கரும்பலகையில் இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. குச்சி பள்ளிக்குத் திரும்பி வரவே இல்லை.

முதல் வாரமே புதிய தலைமையாசிரியர் வராந்தாவில் அவளை நிறுத்தினார். கழுத்தில் இன்னும் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. "டீச்சர், ரெண்டு பேர் லீவு. அந்த டைம்டேபிள மட்டும் கொஞ்சம் போட்டுக் குடுங்களேன். உங்களுக்குத்தான் அது கைவந்த கலை."

"எனக்குக் கை சரியில்ல சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனாள்.

சொன்னபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அது அரை மணி நேரம் தாங்கவில்லை. பக்கத்து அறையில் ஆறாம் வகுப்பு ஆசிரியர் இல்லாமல் கத்த ஆரம்பித்தது. பெஞ்சுகள் இழுபட்டன. எதுவோ விழுந்தது, யாரோ அழுதார்கள். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். கால்கள் கதவுப் பக்கம் போகத் துடித்தன. போகக் கூடாது, இந்தத் தடவை போகவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சுண்ணக்கட்டி இரண்டாக ஒடிந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். வகுப்பில் யாருக்குச் சண்டை என்றாலும் தீர்த்துவைக்கிறவள். குரல் கணீரென்று இருக்கும்.

"டீச்சர், நான் போய் அவங்கள அடக்கிட்டு வரட்டுமா? என் பேச்சக் கேப்பாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் ஏற்கெனவே பெஞ்சை விட்டு வெளியே வந்து, உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் பயமே இல்லை.

போ என்று சொல்ல வாயெடுத்தாள். சைக்கிள் கொட்டகை ஞாபகம் வந்தது. மரக்கடையின் ரம்பம், ஆஸ்பத்திரிக் கட்டில், டாக்டரம்மா தொடாத தேநீர் எல்லாம் வந்தன.

"வேணாம்மா" என்றாள். "உனக்கு எதுக்கு? உட்காரு."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் ஒரு கணம் நின்றாள். பிறகு உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து அறையில் சத்தம் ஓயவில்லை. அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். விட்ட வரி எது என்று தேடினாள். எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.